நோட்டீஸ் பணம் வரவில்லை: லேபர் ஆபிஸா, செக்‌ஷன் 20-ஆ, சின்ன வழக்கா?

எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) முடிந்து வேலைக்குத் திரும்பியவரிடம் "இனிமேல் வரவேண்டாம்" என்று ஆபிஸில் சொல்லி அனுப்புவது தோட்டப் பக்கத்தில் புதிதல்ல. வேலை செய்த நாள்களுக்கான சம்பளம் மட்டும் கைக்கு வரும். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதற்கு ஈடான நோட்டீஸ் பணம் எங்கே என்று கேட்டால், "வேலைக்கு வராமல் இருந்தது நீதானே" என்று பதில் வரும். அதன் பிறகு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. காப்பிக்கடையில் ஒருவர் லேபர் ஆபிஸுக்குப் போகச் சொல்வார், யூனியன்காரர், வேலையைத் திரும்பக் கேட்கும் செக்‌ஷன் 20 என்பார், படித்த மருமகன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சின்ன வழக்குப் போடலாம் என்பார். மூன்றும் சட்டத்தில் இருக்கிற வழிகள்தான். ஆனால் மூன்றும் ஒரே பணத்தைக் கேட்பதில்லை. ஒன்றில் ஓரளவு உள்ளே போய்விட்டால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்ளும் இடமும் உண்டு. இங்கே சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபா, சரவாக்கில் வேலைச் சட்டம் வேறு.

எங்கே போவது என்று முடிவு செய்யும் முன், எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த வழி என்பதைப் பாதிக்குமேல் அந்தத் தொகையே தீர்மானித்துவிடும்.

கணக்கு

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 12-வது பிரிவு நோட்டீஸ் காலத்தைச் சொல்கிறது. வேலைக் கடிதத்தில் நோட்டீஸ் எவ்வளவு என்று எழுதியிருந்தால் அதுதான் கணக்கு, இரு தரப்புக்கும் ஒரே அளவு. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். ஆள்குறைப்பு, தொழிலை மூடுவது போன்ற காரணங்களால் நிறுத்தினால், கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த 4, 6, 8 வாரத்துக்குக் குறையக்கூடாது. "எல்லாருக்கும் ஒரு மாதம்தான்" என்று கிராணி (ஆபிஸ் எழுத்தர்) சொன்னால், அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய ஆள்களில் பலருக்கு வேலைக் கடிதமே கொடுத்திருக்க மாட்டார்கள். அது முதலாளிக்குத்தான் பாதகம்.

நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தினால், அந்தக் காலத்தில் கிடைத்திருக்கும் சம்பளத்தை ஈடாகத் தரவேண்டும் என்பது 13-வது பிரிவு. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் 6 ஆண்டு வேலை செய்தவர், மாதம் 2,100 வெள்ளி (ரிங்கிட்), வேலைக் கடிதம் இல்லை, மார்ச் 10 கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். 8 வாரம் என்றால் 56 நாள், அதாவது மார்ச் 11 முதல் மே 5 வரை. மார்ச்சில் 21 நாளுக்கு 1,422.58, ஏப்ரல் முழுவதற்கும் 2,100, மே மாதத்தில் 5 நாளுக்கு 338.71. மொத்தம் 3,861.29 வெள்ளி. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 48 வேலை நாளால் பெருக்கினால் 3,876.92 வரும். 15 வெள்ளி வித்தியாசத்துக்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதிகாரி கேட்பார்.

செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் ரப்பர் பால் வெட்டுபவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று நிலையாக இருக்காது. அவர்களின் ஒரு நாள் சம்பளத்தை அறிய, முந்தைய சம்பளக் காலத்தில் ஈட்டிய மொத்தத்தை உண்மையில் வேலை செய்த நாள்களால் வகுக்க வேண்டும். ஓய்வு நாளையும் விடுமுறையையும் நாள் கணக்கில் சேர்க்கக்கூடாது. முதலாளி தரப்பு மொத்தத்தை 30-ஆல் வகுத்துக் காட்டினால் தொகை குறைந்துபோகும். 2025 ஆகஸ்ட் முதல் குறைந்தபட்சச் சம்பளம் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 வெள்ளி. சம்பளச் சிட்டையில் அதற்குக் கீழே இருந்தால் நோட்டீஸ் பணத்தோடு அந்தப் பாக்கியும் சேர்ந்துகொள்ளும்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. 1980-ஆம் ஆண்டின் வேலை நிறுத்த அனுகூல விதிமுறைகள் ஆள்குறைப்புக்கு மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, ஓய்வு வயது, முறையான விசாரணைக்குப் பின் நிரூபணமான ஒழுங்கீனம், தானாக விலகியது ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் இது உண்டு. உடம்பு சரியில்லை என்று நிறுத்துவதும் இதில் அடங்கும். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களில் பலருக்கு இது கிடையாது. அளவு, சேவை ஆண்டு ஒன்றுக்கு 10, 15, 20 நாள் சம்பளம். சேவைக்காலப் பிரிவு நோட்டீஸுக்கு உள்ள அதே 2, 5 ஆண்டுதான். மேலே சொன்னவருக்கு 6 ஆண்டு, ஆண்டுக்கு 20 நாள், ஆக 120 நாள். கடைசி 12 மாதச் சம்பளம் 25,200-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 69.04. அனுகூலம் ஏறக்குறைய 8,285 வெள்ளி. நோட்டீஸ் பணத்தைப்போல் இரண்டு மடங்கு! வேலை நின்ற 7 நாளுக்குள் இதைத் தந்துவிட வேண்டும். நோட்டீஸ் பணம் மட்டும் கேட்டு மனு எழுதினால் இந்தத் தொகையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

எம்.சி. எங்கே காலை வாரிவிடும்

முதலாளி தரப்பின் வழக்கமான பதில் 15-வது பிரிவு. அனுமதியில்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், ஒப்பந்தத்தை முறித்தது தொழிலாளிதான் என்று எடுத்துக்கொள்ளலாம். அது நிலைத்தால் நோட்டீஸ் பணம் வராதது மட்டுமல்ல, உங்களிடமே நோட்டீஸ் பணம் கேட்டுக் கடைசிச் சம்பளத்தில் கழிப்பார்கள். ஆனால் அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது: வராததற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்குத் தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோ அது முறிப்பு ஆகாது.

அதனால் இந்த வகைக் கோரிக்கையில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இருக்கிறது. நோய் விடுப்புக்கான 60எஃப் பிரிவின்படி, எம்.சி. தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியில்லாத விடுப்பாகக் கணக்கிட இடமுண்டு. எம்.சி.யைப் படம் எடுத்துத் தண்டலுக்கு (வேலை மேற்பார்வையாளருக்கு) வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, நேரத்தோடு, பொன்னுக்குச் சமம். தண்டல் பார்க்கவில்லை, கிராணி போனை எடுக்கவில்லை என்றாலும் முயன்றதற்கு அது சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். போன் பழுதானால் வழக்கும் அதோடு போய்விடும்.

விடுப்பு நாள்களையும் எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் சேராத நோய்க்கு ஆண்டுக்கு 14, 18, 22 நாள், சேவைக்கு ஏற்ப. மருத்துவமனையில் சேரவேண்டிய நோய்க்கு 60 நாள். 2023 ஜனவரி முதல் இது தனி, சாதாரண எம்.சி. நாளை இதில் கழிக்கக்கூடாது. ஆபிஸில் இன்னும் பழைய முறையில் இரண்டையும் சேர்த்து 60 என்று கழித்து, "உன் லீவு முடிந்துவிட்டது" என்று சொல்வார்கள். பேனல் கிளினிக் (முதலாளி நியமித்த கிளினிக்) விஷயம் இன்னொன்று. பேனல் டாக்டர் இல்லாதபோதும், நோயின் தன்மைக்கு ஏற்ற நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்காதபோதும், வேறு பதிவுபெற்ற டாக்டரின் எம்.சி.யும் அரசாங்க மருத்துவமனை எம்.சி.யும் செல்லும்.

இதைவிடக் கூர்மையான வாதம் ஒன்று உண்டு. 13-வது பிரிவு, நோட்டீஸ் காலத்தில் "சேர்ந்திருக்கும்" சம்பளத்தைத்தான் ஈடாகச் சொல்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு முடிந்து நீங்கள் இன்னும் படுக்கையில் இருந்தால், அந்த நாள்களுக்குச் சம்பளமே சேர்ந்திருக்காது, ஈடும் பூஜ்யம் என்று முதலாளியின் ஆள் வாதிடுவார். இதற்கு எதிராக நிற்பது டாக்டரின் ஒரு வரிதான்: இன்ன தேதி முதல் வேலைக்குத் தகுதி. கடைசி எம்.சி. முடியும்போதே அதை எழுதி வாங்கிவிடுங்கள். பல மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

முதலில் கடிதமா?

ஆமாம், ஆனால் 14 நாளுக்கு மேல் அதில் வீணாக்க வேண்டாம். மலாயில் ஒரு பக்கம் போதும்: வேலை தொடங்கிய தேதி, நின்ற தேதி, கடைசிச் சம்பளம், எம்.சி. தேதிகள், கேட்கும் தொகையும் கணக்கும், தர வேண்டிய நாள். தோட்டத்தின் பெயருக்கு எழுதாதீர்கள். பலகையில் இருக்கும் எஸ்டேட் பெயர் ஒன்று, சம்பளச் சிட்டையிலும் இபிஎப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையிலும் இருக்கும் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயர் இன்னொன்று. பொறுப்பு இரண்டாவதற்கு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். கடிதத்துக்கு வரும் பதிலே சில நேரம் பெரிய உதவி. "உடல்நிலை காரணமாக நிறுத்தினோம்" என்று அவர்களே எழுதிவிட்டால் வேலையை விட்டு ஓடினார் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

லேபர் ஆபிஸ்

ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, நம் வாயில் லேபர் ஆபிஸ். நோட்டீஸ் பணம், வேலை நிறுத்த அனுகூலம், சம்பளப் பாக்கி, எடுக்காத ஆண்டு விடுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்க இதைவிட நல்ல இடமில்லை. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தொகைக்கு சின்ன வழக்கில் உள்ளதுபோல் 5,000 என்ற வரம்பும் இல்லை. 2023 முதல் எவ்வளவு சம்பளம் வாங்குபவரும் வேலைச் சட்டத்துக்குள் வருகிறார். வேலை செய்த இடம் எந்த ஆபிஸின் வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கமாக மனு போகும். மகன் வீட்டோடு கிள்ளானுக்குக் குடிபோயிருந்தாலும் வழக்கு பேராக்கில்தான் நடக்கும்.

ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புகார் என்பது ஒன்று, 69-வது பிரிவின் கீழ் கோரிக்கை என்பது வேறு. லேபர் ஆபிஸின் வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் செயலியில் தட்டிவிட்டது புகார். அதிகாரி தோட்டத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்ப்பார், முதலாளிக்கு அறிவுறுத்தலும் போகலாம். உங்கள் பெயருக்கு இவ்வளவு பணம் கொடு என்ற உத்தரவு வேண்டுமென்றால் லேபர் கோர்ட்டில், அதாவது மஹ்கமா புரூவில், கோரிக்கை பதிய வேண்டும் என்று கவுன்டரில் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். புகார் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் உத்தரவுக்குக் காத்திருப்பவர்கள் இங்கே நிறைய.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கிடைத்த அளவு சம்பளச் சிட்டை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு அறிக்கை, எம்.சி.கள், டிஸ்சார்ஜ் காகிதம், வாட்ஸ்அப் அச்சுப் பிரதி, நிறுத்தல் கடிதம் இருந்தால் அது. இவற்றில் கனமானது இபிஎப் அறிக்கை. எந்த மாதம் முதல் எந்த நிறுவனம் கட்டியது என்று அதில் இருப்பதால் சேவை ஆண்டை யாரும் மறுக்க முடியாது. சிட்டை தொலைந்தாலும் பயமில்லை, தொழிலாளர் பதிவேடுகளை முதலாளி 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடிதமே இல்லாமல் வேலை செய்தவருக்கும் 2023-இல் வந்த 101சி பிரிவு துணை. வேலை நேரத்தையும் முறையையும் அவர்கள் கட்டுப்படுத்தினார்கள், கருவி கொடுத்தார்கள், தவணை தவறாமல் சம்பளம் தந்தார்கள் என்றால் வேலை ஒப்பந்தம் உண்டு என்றே ஊகிக்கப்படும்.

முதலில் அதிகாரி சமரசம் பேசுவார். "பாதி வாங்கிக்கொண்டு முடித்துவிடலாமே" என்ற பேச்சு இங்கேதான் வரும். நோட்டீஸ் பணத்தில் மட்டும் சமரசம் செய்து அனுகூலத்தை விட்டுக்கொடுக்கிறோமா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். ஒத்துவராவிட்டால் விசாரணை: சத்தியப் பிரமாணம், இரு தரப்பும் கேள்வி கேட்கலாம். முதலாளி வராவிட்டால் அவர் இல்லாமலே முடிவு சொல்லலாம். நீங்கள் வராவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகலாம், அதனால் தேதி மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பலவீனம் உத்தரவுக்குப் பிறகுதான் தெரியும். உத்தரவை மதிக்காதது குற்றம், 50,000 வெள்ளி வரை அபராதம். உத்தரவைச் செஷன்ஸ் கோர்ட்டிலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ பதிந்து, கோர்ட் தீர்ப்பைப்போல் அமல்படுத்தவும் முடியும். பெரிய கம்பெனி பயந்து கட்டிவிடும். ஆனால் கையில் லாரியும் நாலு ஆளும் மட்டும் உள்ள கான்ட்ராக்டர் கதை வேறு. அவரிடம் வேலை செய்தவர், செய்த வேலைக்கான சம்பளப் பாக்கியை 33-வது பிரிவின்படி மேலே உள்ள கம்பெனியிடமும் கேட்கலாம், 3 மாதச் சம்பளம் வரை. சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் கோரிக்கை பதிந்திருக்க வேண்டும்.

செக்‌ஷன் 20

இது 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம். போகும் இடம் ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான், அதாவது தொழிலியல் உறவு இலாகா. பேராக்குக்கு ஈப்போ. இங்கே நோட்டீஸ் பணம் மையமில்லை. "நியாயமான காரணம் இல்லாமல் வேலையை விட்டு எடுத்தார்கள், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் மனு. நோட்டீஸ் பணம் முழுதாகக் கொடுத்து நிறுத்தியிருந்தாலும் இந்த மனு போடலாம், பலருக்கு இது தெரிவதில்லை. காரணம் நியாயமில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்தது முதலாளியைக் காப்பாற்றாது.

காலக்கெடு 60 நாள், வேலை நின்ற நாளிலிருந்து. 61-வது நாள் போனால் முடிந்தது. கருணை மனுவெல்லாம் கிடையாது. கட்டணம் இல்லை. சமரசக் கூட்டத்தில் வக்கீலுக்கு இடமில்லை, யூனியன் ஆள் உடன் வரலாம். முடியாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். 2021 முதல் அமைச்சர் மேசையில் காத்திருக்காமல் இலாகாவின் தலைமை இயக்குநரே அனுப்பிவிடுகிறார். ஜெயித்தால் 24 மாதம் வரை பின்சம்பளம் (வேலை இல்லாத காலத்துக்கான சம்பளம்), தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். மறுபடி வேலை தராவிட்டால் அதற்கு ஈடாக வழக்கமாகச் சேவை ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். நம் ஆலைத் தொழிலாளிக்கு இது 12,000-ஐத் தாண்டும் கணக்கு. ஆனால் விசாரணை நீளும், முதலாளி வக்கீல் வைப்பார், இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கழிக்கவும் இடமுண்டு.

இரண்டு வழியும் முட்டிக்கொள்ளும் இடம் வேலைச் சட்டத்தின் 69ஏ பிரிவு. ஒரு தகராறு தொழிலியல் உறவுச் சட்டத்தின் கீழ் விசாரணையில் இருந்தாலோ, தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ, அதையே லேபர் ஆபிஸ் கையில் எடுக்க முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மனு போட்டால் வேகமாக நடக்கும் என்று நினைப்பவர்கள் இரண்டிலும் தாமதத்தைத்தான் வாங்குகிறார்கள்.

சின்ன வழக்கு

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 5,000 வெள்ளி வரை, வக்கீல் இல்லாமல், பாரம் 198-இல் போடுவது. நோட்டீஸ் பணம் 3,861 மட்டும் என்றால் பொருந்தும். அனுகூலத்தையும் சேர்த்தால் 12,000-ஐத் தாண்டிவிடும், வரம்புக்குள் அடக்க மீதியை விட்டுக்கொடுக்க வேண்டும். சம்மனைச் சேர்ப்பிப்பது, தீர்ப்புக்குப் பின் பணத்தை வசூலிப்பது எல்லாம் உங்கள் தலையில். லேபர் ஆபிஸ் இலவசமாகச் செய்வதை இங்கே செய்ய ஒரு காரணமும் தென்படவில்லை. வேலை ஒப்பந்தத்தில் இல்லாதவர், உதாரணமாகச் சொந்த லாரியோடு குலை ஏற்றிக் கூலி வராதவர், இவருக்குத்தான் இந்தக் கதவு.

யூனியன்

உறுப்பினராக இருந்தால் மட்டும். தோட்டத் தொழிலாளிக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், கிராணிமாருக்கு அம்சு எனும் தோட்ட அலுவலர் சங்கம். கூட்டு ஒப்பந்தத்தில் நோட்டீஸ், நோய் விடுப்பு பற்றி எழுதியிருப்பது சட்டத்தைவிட மேலாக இருந்தால் அதைக் கேட்கலாம், முதலாளி மதிக்காவிட்டால் தொழிலியல் நீதிமன்றத்தில் முறையிடவும் வழியுண்டு. சந்தா நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். யூனியன் பேசிக்கொண்டிருக்கும்போதும் 60 நாள் கடிகாரம் நிற்காது, இதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

எதை முதலில்

சேவை 2, 3 ஆண்டு, வேலைக்குத் திரும்ப ஆசையில்லை, வேறு வேலை கிடைத்துவிட்டது என்றால் நேரே லேபர் ஆபிஸ். நீண்ட சேவை, நோயைச் சாக்காக வைத்து எடுத்தார்கள், புது வேலை கிடைப்பதும் கஷ்டம் என்றால் செக்‌ஷன் 20-ஐ முதலில் போடுங்கள். காரணம் எளிது: அதற்கு 60 நாள், ஒப்பந்தத்தால் வரும் பணக் கோரிக்கைக்கு 6 ஆண்டு. சமரசக் கூட்டத்தில் நோட்டீஸ் பணத்தையும் அனுகூலத்தையும் சேர்த்தே பேசலாம், பல நேரம் அங்கேயே ஒரு தொகையில் முடிந்துவிடும். திருப்தியில்லை, நீண்ட வழக்குக்கும் தெம்பில்லை என்றால், நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும் முன் மனுவை மீட்டுக்கொண்டு லேபர் ஆபிஸுக்கு வரலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால், லேபர் ஆபிஸ் தேதி வருவதற்குள் 60 நாள் போய்விடும்.

எந்த வழியானாலும், கடைசிச் சம்பளம் வாங்கப் போகும் நாளில் வவுச்சரைப் படித்துப் பாருங்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் அதன் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் பணம் என்றால் "வேலை செய்த நாள்களின் சம்பளம் மட்டும் பெற்றேன்" என்று உங்கள் கையால் எழுதிப் போடுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி போடாத ராஜினாமா கடிதத்தை நீட்டினால் மறுத்துவிடுங்கள். தானாக விலகினார் என்று ஆகிவிட்டால் நோட்டீஸ் பணம், அனுகூலம், செக்‌ஷன் 20 மூன்றும் ஒரே கையெழுத்தில் போகும். சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) வேலை காப்புறுதித் திட்டத்தில் வேலை தேடும் உதவித்தொகையும் அதோடு போகும். அதற்கும் வேலை இழந்த 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும், முதலாளியோடு நடக்கும் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.